பல்கலைக்கழகத்தில் மறுசீரமைப்பு உரையாடலை நடத்துவது எப்படி?

விடுதியில் நடந்த ஒரு தகராறு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் வருகிறது. குழு இரு தரப்பையும் விசாரிக்கிறது, எந்த விதி மீறப்பட்டது என்று முடிவு செய்கிறது, ஒருவருக்கு இரண்டு வாரம் இடைநீக்கம் விதிக்கிறது, கோப்பை மூடுகிறது. மூன்றாவது வாரம் அதே இருவரும் அதே தாழ்வாரத்தில் எதிரெதிரே வருகிறார்கள். பாதிக்கப்பட்டவரிடம் அதுவரை யாரும் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். தண்டனை பெற்றவரோ தான் செய்ததை மறந்து, தனக்குச் செய்யப்பட்டதையே நினைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பார். விதியைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்துவிட்டது. மனிதர்களைப் பொறுத்தவரை அது இன்னும் தொடங்கவேயில்லை.

பல்கலைக்கழகத்தில் இந்தச் சிக்கல் கூர்மையாக இருப்பதற்குக் காரணம், அங்கே யாரும் எளிதில் விலகிப் போக முடியாது என்பதுதான். நான்காம் ஆண்டில் இருக்கும் ஆய்வு மாணவர் தன் நெறியாளரை மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் ஆய்வையே இழக்க நேரிடும். ஒரே துறையில் பணியாற்றும் இரு பேராசிரியர்கள் ஓய்வு பெறும்வரை ஒரே பாடத்திட்டக் குழுவில் உட்கார வேண்டியிருக்கும். எனவே தண்டனை வழங்கும் நடைமுறைக்குப் பக்கத்திலேயே, நேர்ந்த பாதிப்பைச் சரிசெய்யும் நடைமுறை ஒன்றும் தேவைப்படுகிறது. பாதிப்பை இழைத்தவரும் பாதிக்கப்பட்டவரும் ஓர் ஒருங்கிணைப்பாளரின் துணையோடு, என்ன நடந்தது, அதை எப்படிச் சரிசெய்வது என்று பேசி முடிவெடுக்கும் இந்த நடைமுறையைத்தான் மறுசீரமைப்பு உரையாடல் என்கிறோம். அதை நடத்தும் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், மாணவர் நல அலுவலர்கள் ஆகியோருக்காக இது எழுதப்பட்டுள்ளது. இருவரையும் உட்கார வைத்துப் பேசவைப்பது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூட்டத்திற்கு முன் நடக்கும் தனிச் சந்திப்புகளும், கூட்டத்திற்குப் பின் நடக்கும் தொடர் கவனிப்பும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன.

இந்த அணுகுமுறையின் நவீன வரலாறே இதற்குச் சாட்சி. 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினர். நன்னடத்தை அலுவலர் ஒருவரின் யோசனையை ஏற்று, அவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்திக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர், நடந்ததை ஒப்புக்கொண்டனர், இழப்பீடும் கொடுத்தனர். முன்தயாரிப்பு ஏதுமில்லாத இந்தச் சந்திப்புகள் நல்லபடியாக முடிந்தது ஒருவகையில் அதிர்ஷ்டம். முன்னறிவிப்பின்றிப் பாதிக்கப்பட்டவரின் கதவைத் தட்டுவதை இன்று எந்த ஒருங்கிணைப்பாளரும் அனுமதிக்க மாட்டார். நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977-இல் எழுதிய கட்டுரையில், மோதல் என்பது அதில் சிக்கியவர்களுக்கே உரிய சொத்து என்றும், வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் அதை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறார்கள் என்றும் வாதிட்டார். நியூசிலாந்து 1989-இல் இளையோர் வழக்குகளில் குடும்பக் கூட்டுக் கலந்தாய்வை, அதாவது இளைஞரும் அவர் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் கூடிப் பேசித் தீர்வு காணும் முறையை, சட்டமாகவே ஆக்கியது. பல்கலைக்கழகங்கள் சற்றுத் தாமதமாகத்தான் இந்த வழிக்கு வந்தன. அமெரிக்காவின் 18 கல்வி வளாகங்களில் நடந்த 659 ஒழுங்கு நடவடிக்கைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, வழக்கமான விசாரணையில் கலந்துகொண்டவர்களைவிட மறுசீரமைப்பு முறையில் கலந்துகொண்ட மாணவர்கள் தங்கள் செயலின் விளைவை அதிகமாகப் புரிந்துகொண்டனர் என்று கண்டது.

முதலில் வகை பிரித்தல்

ஒரு புகார் மேசைக்கு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது கருத்து மோதலா, ஒருவர் இன்னொருவருக்கு இழைத்த பாதிப்பா என்பது. ஆய்வகக் கருவியை யார் எப்போது பயன்படுத்துவது என்று இரண்டு குழுக்கள் மோதிக்கொண்டால் அது முதல் வகை. இரு தரப்பின் தேவைகளையும் மேசைமேல் வைத்து, நடுநிலையாக நின்று, மத்தியஸ்தம் செய்யலாம். ஒரு மாணவரின் தோற்றத்தைக் கேலி செய்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் அது இரண்டாம் வகை. இங்கே நடுநிலை என்ற பெயரில் இருவரையும் சமமாக நடத்தினால் பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாவது முறை அநீதி நடக்கும். "இரண்டு கை தட்டினால்தானே ஓசை" என்று ஆரம்பிக்கும் எவரையும் இந்த வகை விவகாரங்களின் பக்கத்திலேயே விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மறுசீரமைப்பு உரையாடல் நடக்க வேண்டுமானால், நடந்ததன் முக்கியப் பகுதியையாவது செய்தவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். "நான் செய்யவே இல்லை" என்பவரை வைத்துக்கொண்டு இதை நடத்த முடியாது. அது உண்மை கண்டறியும் விசாரணைக்குப் போக வேண்டிய விவகாரம்.

மூன்றாவது வகையும் உண்டு: உரையாடலே கூடாதவை. மிரட்டல் தொடர்கிறது, பாதிக்கப்பட்டவர் பாதுகாப்பாக இல்லை, அல்லது ஒரு தரப்பு வற்புறுத்தலால் மட்டுமே சம்மதிக்கிறது என்று தெரிந்தால், அங்கே கூட்டம் நடத்துவது கட்டப்பஞ்சாயத்துக்குச் சமம். பாலியல் வன்முறை தொடர்பான புகார்களில் உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2011-இல் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இத்தகைய புகார்களில் மத்தியஸ்தத்தைத் தடுத்தது. 2020-இல் வந்த விதிகள் முறைசாராத் தீர்வுக்கு வழிவிட்டன. ஆனால் இரு தரப்பும் விரும்பி எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும் என்றும், ஊழியர் ஒருவர் மாணவரைத் துன்புறுத்தியதாகப் புகார் இருந்தால் இந்த வழி கிடையாது என்றும் அவை வரம்பிட்டன. குற்ற வழக்காக மாற வாய்ப்புள்ள எதிலும் சட்ட ஆலோசனை பெறாமல் ஒருவரைப் பேசச் சொல்லக்கூடாது. உரையாடலில் அவர் மனம் திறந்து சொல்வது நாளை அவருக்கு எதிரான சாட்சியமாகலாம்.

தனிச் சந்திப்புகள்

உரையாடலில் பங்கேற்கும் ஒவ்வொருவரையும் குறைந்தது ஒருமுறை தனியே சந்தித்தாக வேண்டும். சிக்கலான விவகாரங்களில் மூன்று, நான்கு முறைகூட ஆகலாம். பாதிக்கப்பட்டவரை முதலில் சந்திப்பது நல்லது, ஏனெனில் அவருக்கு விருப்பமில்லை என்றால் எதிர்த்தரப்பில் தேவையற்ற எதிர்பார்ப்பை உண்டாக்க வேண்டியதில்லை. அந்தச் சந்திப்பில் ஒருங்கிணைப்பாளர் அதிகம் பேசக்கூடாது. நடந்ததை அவர் தன் வரிசையிலேயே சொல்லட்டும். பிறகு, இப்போது எது மிகவும் உறுத்துகிறது, எது நடந்தால் வகுப்புக்கு இயல்பாக வர முடியும், எதிர்த்தரப்பை நேரில் பார்க்க விருப்பமா, கடிதம் போதுமா, அல்லது வேறொருவர் தன் சார்பில் பேசினால் சரியா என்று கேட்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் வழக்கமான புகார் வழி அப்படியே திறந்திருக்கும் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

செய்தவருடனான சந்திப்புதான் திறமையை அதிகம் சோதிப்பது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நள்ளிரவுக் கொண்டாட்டத்தின் நடுவில் ஒரு மாணவர் விடுதித் தாழ்வாரத்தில் தீயணைப்பானை எடுத்துப் பீய்ச்சிவிட்டார். "விளையாட்டாகத்தான் செய்தேன், யாருக்கும் அடிபடவில்லையே" என்பது அவருடைய முதல் பதில். "ஏன் செய்தீர்கள்?" என்று கேட்டால் சாக்குப்போக்குகள்தான் வரும்; அந்தக் கேள்வியே அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகரில் 1991 முதல் காவல்துறை நடத்திய கலந்தாய்வுகளில் வடிவம் பெற்ற கேள்வி வரிசை இங்கே கைகொடுக்கும்: என்ன நடந்தது? அப்போது உங்கள் மனதில் என்ன ஓடியது? அதற்குப் பிறகு என்ன நினைத்தீர்கள்? இதனால் யார் யார் பாதிக்கப்பட்டார்கள், எந்த விதத்தில்? அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

நான்காவது கேள்விக்கு அவர் பெரும்பாலும் "யாருமில்லை" என்றுதான் சொல்வார். அப்போது, "மறுநாள் காலை அந்தத் தாழ்வாரத்தை யார் சுத்தம் செய்தார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மௌனமாக இருக்க வேண்டும். தீயணைப்பானிலிருந்து வந்த தூளை ஈரத்துணியால் துடைத்தால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும் என்பதும், பெருக்கினால் மீண்டும் காற்றில் எழும் என்பதும், துப்புரவுப் பணியாளர் அன்று வழக்கமான வேலையோடு இதையும் சேர்த்துச் செய்தார் என்பதும், பக்கத்து அறையில் ஆஸ்துமா உள்ள மாணவர் ஒருவர் இரவு முழுவதும் நண்பரின் அறையில் தங்க நேர்ந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஒருங்கிணைப்பாளர் இவற்றை அடுக்கிச் சொல்லிவிடக்கூடாது. அவற்றை அனுபவித்தவர்களின் வாயாலேயே அவர் கேட்பதற்காகத்தான் கூட்டம். தனிச் சந்திப்பின் நோக்கம், அதைக் கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவருவது மட்டுமே.

துப்புரவுப் பணியாளரை அழைப்பதிலும் கவனம் வேண்டும். பல்கலைக்கழகங்களில் பாதிக்கப்பட்டோர் பட்டியல் போடும்போது முதலில் விடுபடுபவர்கள் இவர்கள்தான். கூட்டம் அவருடைய பணி நேரத்துக்குள், சம்பளப் பிடித்தமின்றி நடக்க வேண்டும். பேராசிரியரை எந்த மரியாதையோடு விளிக்கிறோமோ அதே மரியாதையோடு அவரையும் விளிக்க வேண்டும். பேச விருப்பமில்லையென்றால், தான் சொல்ல நினைப்பதை அவர் முன்கூட்டியே சொல்லி வைக்கவும் வழி இருக்க வேண்டும்.

அதிகார ஏற்றத்தாழ்வு இதைவிடக் கடினமான விஷயம். தன் உழைப்பில் உருவான கட்டுரையின் ஆசிரியர் பெயர்வரிசையிலிருந்து தன் பெயரை நெறியாளர் நீக்கிவிட்டார் என்று ஓர் ஆய்வு மாணவர் புகார் செய்கிறார் என்றால், அவருடைய பட்டமும், பரிந்துரைக் கடிதமும், சில நேரங்களில் உதவித்தொகையும் அதே நெறியாளரின் கையில் இருக்கின்றன. இந்த நிலையில் இருவரையும் நேராக எதிரெதிரே உட்கார வைத்தால் மாணவர் எதற்கும் தலையாட்டுவார், கூட்டமும் வெற்றி என்று பதிவாகும். அது வெறும் கண்துடைப்பு. முதலில் துறைத் தலைவர் அல்லது புலத் தலைவர் மட்டத்தில் பேசி, தேவைப்பட்டால் வேறு நெறியாளர் கிடைப்பார், உதவித்தொகை நிற்காது, பரிந்துரைக் கடிதத்தை வேறொரு பேராசிரியரும் எழுதலாம் என்ற உறுதிகளை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஒருவர் 'முடியாது' என்று சொல்ல முடிந்தால்தான் அவர் சொல்லும் 'சரி'க்கு அர்த்தம் இருக்கும். அதன்பிறகும் மாணவர் தயங்கினால், ஒருங்கிணைப்பாளர் இரு தரப்பையும் தனித்தனியே சந்தித்துச் செய்திகளைக் கொண்டுசெல்லும் முறையே போதுமானது. நேருக்கு நேர் சந்தித்தால்தான் உண்மையான தீர்வு என்ற எண்ணம் பங்கேற்பாளர்களைவிட ஒருங்கிணைப்பாளர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது.

ரகசியம் காப்பது பற்றிய வாக்குறுதியை அளந்து கொடுக்க வேண்டும். யாருடைய உயிருக்கேனும் ஆபத்து என்று தெரிந்தாலோ, சட்டப்படி தெரிவித்தாக வேண்டிய தகவல் வந்தாலோ அதை வெளியே சொல்ல நேரிடும் என்று முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பாதிக் கதைக்குப் பிறகு சொல்வது நம்பிக்கைத் துரோகமாகவே தெரியும்.

கூட்டம்

அறை சாதாரணமாக இருந்தால் போதும். ஆனால் துணைவேந்தரின் அறையோ ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடும் அறையோ வேண்டாம். நடுவில் மேசையின்றி நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும். யார் எங்கே உட்காருவது என்பதை முன்பே தீர்மானித்து, பாதிக்கப்பட்டவர் வாசலுக்கு அருகில், தான் நம்பும் ஒருவரின் பக்கத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்வது நல்லது. இரு தரப்பும் ஒரே நேரத்தில் வெளியே காத்திருக்க நேரும் சங்கடத்தைத் தவிர்க்க வருகை நேரத்தைப் பதினைந்து நிமிட இடைவெளியில் குறித்துக் கொடுக்கலாம்.

வட்ட உரையாடல் முறையில் ஒரு சிறு பொருள் கைமாறிக்கொண்டே போகும். அதை வைத்திருப்பவர் மட்டும் பேசுவார், விருப்பமில்லாவிட்டால் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்களின் மரபிலிருந்து இந்த வடிவம் வந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் யூகான் பகுதி நீதிமன்றமும் தண்டனையைத் தீர்மானிக்க இத்தகைய வட்டத்தைக் கூட்டியது. இந்த ஏற்பாட்டின் பெரிய பயன், வழக்கமாக வாயைத் திறக்காதவருக்கும் முறை வருகிறது, வழக்கமாக விடாமல் பேசுபவர் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார் என்பதுதான். பேராசிரியர்கள் நிறைந்த கூட்டத்தில் இரண்டாவது பயன் முதலாவதைவிடப் பெரியது.

முதல் சுற்றில் அனைவரும் சேர்ந்து சில நெறிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவது சுற்றில் நடந்தது என்ன, மூன்றாவதில் அது என்ன செய்தது, நான்காவதில் இனி என்ன என்று நகரலாம். செய்தவர் மன்னிப்புக் கேட்கிறாரா இல்லையா என்பதில் ஒருங்கிணைப்பாளர் ஆர்வம் காட்டக்கூடாது. கேட்கச் சொல்லித் தூண்டப்பட்ட மன்னிப்பு உடனே தெரிந்துவிடும். பாதிக்கப்பட்டவர் மன்னிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதைவிட மோசமானது. மன்னிக்காமலேயே அவர் ஒரு நல்ல ஒப்பந்தத்தோடு வெளியேறலாம். மௌனம் நீண்டால் பதறி அதை நிரப்ப வேண்டாம். ஒருவர் அழுதால் இடைவேளை வேண்டுமா என்று அவரிடமே கேட்க வேண்டும். அவருக்காக நாமே முடிவெடுக்கக்கூடாது. குரல் உயர்ந்தால் பொறுக்கலாம், இழிவுபடுத்தும் பேச்சு வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

ஒப்பந்தம்

"இனி மரியாதையோடு நடந்துகொள்வேன்" என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட காகிதங்கள் ஒருபோதும் சோதித்துப் பார்க்க முடியாதவை. பெயர்வரிசை விவகாரத்தில் எழுத வேண்டியது இப்படி இருக்கும்: "கட்டுரையை இதழுக்கு அனுப்புவதற்குப் பத்து நாட்களுக்கு முன் வரைவை ஆய்வகத்தில் உள்ள அனைவருக்கும் அனுப்புவேன், ஆசிரியர் பெயர்வரிசையையும் ஒவ்வொருவரின் பங்களிப்பையும் அதன் முதல் பக்கத்திலேயே எழுதுவேன், வெளியான கட்டுரைக்கான திருத்தக் குறிப்பை இம்மாத இறுதிக்குள் இதழாசிரியருக்கு அனுப்பி, அதன் நகலை ஒருங்கிணைப்பாளருக்குத் தருவேன்." யார், எதை, எப்போது, யாரிடம் காட்டுவது என்ற நான்கும் இருந்தால் போதும். தீயணைப்பான் மாணவரின் ஒப்பந்தத்தில், தீயணைப்பானை மீண்டும் நிரப்புவதற்கான செலவோடு, விடுதிப் பாதுகாப்புக் குழுவில் ஒரு பருவம் பணியாற்றுவதும் இடம்பெறலாம். ஆனால் துப்புரவு வேலையைத் தண்டனையாக எழுதக்கூடாது. அது அந்த வேலையைச் செய்பவரையே அவர் முன்னிலையில் தாழ்த்துவதாகும்.

ஒரு வகுப்பு முழுவதும் சிக்கியிருக்கும்போது

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்குப் படிக்க வேண்டிய முன்மாதிரி. பல் மருத்துவ மாணவர்கள் சிலர் ஒரு முகநூல் குழுவில் சக மாணவியரைப் பற்றி எழுதிய இழிவான பதிவுகள் 2014 டிசம்பரில் வெளிவந்தன. குழுவில் இருந்த 13 ஆண்களில் 12 பேர் மறுசீரமைப்பு முறையில் பங்கேற்றனர். வகுப்பிலிருந்து மொத்தம் 14 பெண்களும் 15 ஆண்களும் கலந்துகொண்டனர். 2015 மே மாதம் அறிக்கை வெளியானது. தனிநபர்களின் தவறோடு நிற்காமல், அத்தகைய பேச்சை இயல்பாக்கிய புலத்தின் சூழலையும் அந்த முறை ஆராய்ந்தது. அதேவேளை, வகுப்பைச் சேர்ந்த நான்கு பெண்கள் இந்த வழிக்குத் தாங்கள் நிர்ப்பந்திக்கப்படுவதாக உணர்வதாகப் பகிரங்கக் கடிதம் எழுதினர். ஒரு பெரிய குழுவுக்குள் சிலர் விருப்பத்துடனும் சிலர் விருப்பமின்றியும் இருப்பது சகஜம். விருப்பமில்லாதவர்களுக்கு முழுமையான மாற்று வழியை முதல் நாளிலேயே அறிவிக்காவிட்டால், விருப்பத்துடன் வந்தவர்களின் உழைப்பும் சந்தேகத்துக்குள்ளாகும். வெளியே ஊடகங்கள் கூச்சலிடும்போது நிர்வாகம் அவசர முடிவைக் கேட்கும்; ஐந்து மாதம் ஆகலாம் என்பதை அப்போது சொல்லும் துணிவு ஒருங்கிணைப்பாளருக்கு இருக்க வேண்டும்.

யார் நடத்துவது என்பதில் ஒரே ஒரு நிபந்தனை விட்டுக்கொடுக்க முடியாதது: அந்த விவகாரத்தில் தண்டனை விதிக்கவோ, மதிப்பெண் போடவோ, பதவி உயர்வைப் பரிந்துரைக்கவோ அதிகாரம் உள்ளவர் ஒருங்கிணைப்பாளராக இருக்கக்கூடாது. சுதந்திரமான குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இது எளிது. இல்லாத இடங்களில் வேறு புலத்திலிருந்து இருவரைச் சேர்த்து நடத்தலாம். பயிற்சிக்காகக் காத்திருப்பவர்கள், தகராறு எதுவும் இல்லாத நேரத்திலேயே பருவத் தொடக்கத்தில் விடுதித் தளத்திலோ ஆய்வகத்திலோ வட்ட உரையாடலை நடத்திப் பழகலாம். இரவு எத்தனை மணிக்குச் சத்தத்தைக் குறைப்பது, ஆய்வகக் குறிப்பேட்டை யார் பார்க்கலாம் போன்றவற்றை அங்கேயே பேசி முடித்துவிட்டால், பின்னர் வரும் புகார்களில் ஒரு பகுதி வராமலே போகும்.

கூட்டத்திற்குப் பிறகு

ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவரையும் மீண்டும் தனியே தொடர்புகொள்ள வேண்டும். கூட்டத்தின் சூட்டில் ஒப்புக்கொண்டது வீட்டுக்குப் போனதும் கசப்பதுண்டு. பிறகு ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு தேதியிலும் அது நடந்ததா என்று பார்க்க வேண்டும். தவறினால் முதலில் காரணத்தைக் கேட்டு, கால அவகாசம் தேவையா என்று பாதிக்கப்பட்டவரிடமும் கலந்தாலோசிக்கலாம். வேண்டுமென்றே மீறியிருந்தால் விவகாரம் வழக்கமான விசாரணைக்குத் திரும்பும். அப்படித் திரும்பும்போது உரையாடலில் பேசியவை எதுவும் அங்கே போகக்கூடாது. ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்ற ஒற்றை வரி மட்டுமே போக வேண்டும். இந்த விதியைப் பதிவாளர் அலுவலகத்தின் ஒப்புதலோடு, முதல் வழக்கை ஏற்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் முழுமையாக நிறைவேறியதும் இரு தரப்புக்கும் அதை உறுதிப்படுத்தும் சிறு கடிதம் அனுப்பி, தனிச் சந்திப்புகளில் எடுத்த கைக்குறிப்புகளை அழித்துவிட்டு, ஒப்பந்தத்தின் நகலை மட்டும் மாணவரின் கல்விக் கோப்பில் சேராத தனிப் பதிவேட்டில் வைக்கலாம்.